படத்தில மினுங்குறது மென்சவ்வா, சாயமா? புளோரசன்ஸ் புரோப் பற்றி ஒரு விளக்கம்

கறுப்புப் பின்னணியில ஒரு பச்சை வளையம், நடுவில நீலப் பொட்டு, பக்கத்தில சிவப்புப் புள்ளிகள். கான்சர் பற்றியோ புது வைரஸ் பற்றியோ பேஸ்புக்கில ஒரு செய்தி வந்தா மேல இப்பிடி ஒரு படம் கட்டாயம் இருக்கும். கீழ "விஞ்ஞானிகள் கலத்தின் மென்சவ்வை ஒளிரச் செய்தனர்" எண்டு ஒரு வரி, அதோட விட்டுடுவாங்க. கலம் தானாவே மினுங்குதா, அந்தப் பச்சை உண்மையான நிறமா, இல்ல கொம்பியூட்டர்ல கீறின படமா எண்டு வாசிக்கிற ஆக்கள் கேக்கிறது நியாயமான கேள்விதான். ஏ எல் பயோ படிச்ச ஆக்களுக்கே இது விளங்காம இருக்கும், ஏனெண்டா ரியூட்டில மென்சவ்வ ரெண்டு கோடாக் கீறி பேர் எழுதச் சொல்லுவாங்களே தவிர, இவ்வளவு மெல்லிய சாமான எப்பிடிக் கண்ணால பாத்தாங்க எண்டு ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடுறன். இந்தப் படங்கள்ல தெரியிறது சாயம், தலைப்பில இருக்கிற புரோப் எண்டது இதத்தான். மென்சவ்வு எங்க இருக்கு, எப்பிடி இருக்கு எண்டு அந்தச் சாயத்த வச்சு நாங்க ஊகிக்கிறம். அந்த ஊகம் எப்ப சரி, எப்ப பிழை எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா இந்தச் செய்திகள்ல பாதிக் குழப்பம் போயிடும்.

## மென்சவ்வு எவ்வளவு மெல்லிசு

கலத்தச் சுத்தித் தோல் மாதிரி இருக்கிறது கலமென்சவ்வு. பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டு எண்ட கொழுப்பு மூலக்கூறுகளால ஆனது, ஒவ்வொண்டுக்கும் தண்ணியோட ஒட்டுற ஒரு தலையும் தண்ணிய விட்டு ஓடுற ரெண்டு எண்ணெய் வாலும் இருக்கு. தண்ணிக்குள்ள விட்டா இதுகள் தாங்களாவே ரெண்டு அடுக்கா நிக்கும், தலைகள் வெளியில தண்ணியப் பாத்தபடி, வால்கள் உள்ளுக்குள்ள ஒண்டோட ஒண்டு. இடையிடையே கொலஸ்திரோல், அங்கங்க புரதங்கள்.

ரெண்டு அடுக்கு எண்டு முதல்ல சொன்னது 1925ல கோர்ட்டர், கிரெண்டல் எண்ட ரெண்டு டச்சு ஆக்கள். சிவப்பு இரத்தக்கலங்கள்ல இருந்து கொழுப்பப் பிரிச்சு எடுத்து, தண்ணிக்கு மேல ஒரு மூலக்கூறு தடிப்பில பரப்பிப் பாத்தாங்க, அந்தப் பரப்பு கலங்கள்ட மேற்பரப்பப் போல ரெண்டு மடங்கு வந்திச்சு. (அவங்கட அளவில ரெண்டு பிழை இருந்தது. கொழுப்பு முழுசாப் பிரிஞ்சு வரேல்ல, கலத்தின்ட பரப்பையும் குறைச்சுக் கணக்கெடுத்திட்டாங்க, ரெண்டும் ஒண்ட ஒண்டு சரிக்கட்டினதால விடை சரியா வந்திச்சு.)

அந்த ரெண்டு அடுக்கின்ட தடிப்பு 4, 5 நனோமீற்றர் அளவுதான். ஒரு சிவப்பு இரத்தக்கலம் 7, 8 மைக்ரோமீற்றர் அகலம். அந்தக் கலத்த 100 மீற்றர் நீளமான கிரவுண்ட் அளவுக்குப் பெருப்பிச்சா மென்சவ்வு ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் தடிப்புத்தான் வரும். அதோட அது கண்ணாடி மாதிரி, நிறம் ஒண்டும் இல்ல.

இதில இன்னொரு தடையும் இருக்கு. எங்கட கண்ணுக்குத் தெரியிற ஒளியின்ட அலைநீளம் 400 இல இருந்து 700 நனோமீற்றர் வரைக்கும். சாதாரண நுணுக்குக்காட்டியால அலைநீளத்தின்ட பாதி அளவுக்குக் குறைஞ்ச தூரத்தில இருக்கிற ரெண்டு சாமான வேறவேறயாப் பிரிச்சுக் காட்ட ஏலாது எண்டு 1873ல ஏர்ன்ஸ்ட் அபே எழுதிட்டார். அதாவது ஏறக்குறைய 200 நனோமீற்றர், மென்சவ்வின்ட தடிப்பப் போல 40 மடங்கு.

அப்ப எப்பிடித் தெரியுது? காலிமுகத்திடல்ல இரவு நிண்டு கடலப் பாருங்க, துறைமுகத்துக்குப் போகக் காத்து நிக்கிற கப்பல்கள்ட லைட் வரிசையாத் தெரியும். கப்பல்ட உருவம் தெரியாது, பல்ப் எவ்வளவு பெருசு எண்டும் தெரியாது, ஆனா அந்த இடத்தில ஒரு லைட் இருக்கு எண்டு வடிவாத் தெரியும், ஏனெண்டா சுத்தி இருட்டு. சாமான் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அது ஒளிய விட்டு, சுத்தி இருட்டா இருந்தா, அது எங்க இருக்கு எண்டு சொல்லலாம். புளோரசன்ஸ் நுணுக்குக்காட்டியின்ட முழு வேலையும் இதுதான். படத்தில அந்தப் பச்சைக் கோடு உண்மையான மென்சவ்வ விடப் பல மடங்கு தடிப்பாத் தெரியிறதும் இதாலதான், அந்தத் தடிப்பு ஒளியின்ட மங்கல்.

## ஒளிர்வு எப்பிடி நடக்குது

புறக்கோட்டையில சில கடைகள்ல 5000 ரூபா நோட்டக் குடுத்தா ஒரு ஊதா லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாப்பாங்க. அந்த நேரம் நோட்ட விட்டிட்டு சுத்திவரக் கவனியுங்க. நோட்டுத் தாள் பெருசா மினுங்காது, குறிப்பிட்ட சில இடம் மட்டும் மினுங்கும், ஆனா முதலாளின்ட வெள்ளைச் சேர்ட் கை நீலமாப் பளிச்செண்டு தெரியும். உடுப்புத் தோய்க்கிற பவுடர்ல "வெள்ளை கூடுறதுக்கு" எண்டு போடுற ஒரு இரசாயனம் துணியில ஒட்டி இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர வாங்கி கண்ணுக்குத் தெரியிற நீலத்த விடுது. ரொனிக் வோட்டர் போத்தலும் அதே லைட்டில நீலமா மினுங்கும், அதில இருக்கிற குயினைன்தான் காரணம். 1852ல ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் இந்தக் குணத்த ஆராய்ஞ்சு அதுக்கு புளோரசன்ஸ் எண்டு பேர் வச்சார்.

மூலக்கூறுக்குள்ள நடக்கிறது மூண்டு படி:

1. வாற ஒளியின்ட சக்திய வாங்கி ஒரு இலத்திரன் மேல்மட்டத்துக்குப் போகுது.
2. மேல இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில, அது பெரும்பாலும் சில நனோசெக்கன்தான், சக்தியில ஒரு பங்கு சுத்தி இருக்கிற மூலக்கூறுகளுக்குப் போயிடுது.
3. மிச்சத்த ஒளியா விட்டிட்டு இலத்திரன் கீழ வருது. சக்தி குறைஞ்சதால வெளிய வாற ஒளியின்ட அலைநீளம் கூட.

வாங்குற நிறமும் விடுற நிறமும் வேற எண்டதாலதான் நுணுக்குக்காட்டியில ஒரு பில்டரப் போட்டு, நாங்க அடிச்ச ஒளிய முழுசா மறிச்சிட்டு, சாயம் விட்ட ஒளிய மட்டும் கமராக்கு அனுப்ப ஏலுமா இருக்கு. பின்னணி கறுப்பா இருக்கிறதுக்குக் காரணம் அந்த பில்டர். ரெண்டாவது படியையும் மனசில வச்சுக்கொள்ளுங்க, சாயம் தன்னச் சுத்தி என்ன இருக்கு எண்டு "சொல்லுறது" அந்தப் படியிலதான்.

## மஞ்சள்தூளும் ஸ்பிரிட்டும்

புரோப் எண்டா, ஒரு இடத்துக்குப் போய் இருந்து அங்க என்ன நடக்குது எண்டு ஒளியால காட்டுற மூலக்கூறு. மென்சவ்வுக்குப் போற புரோப்புக்கு ரெண்டு பகுதி வேணும், கொழுப்புக்குள்ள போய்ப் பிடிச்சுக்கொள்ளுற ஒரு வால், ஒளிய வாங்கி விடுற ஒரு தலை.

இது எப்பிடி எண்டு விளங்கிக்கொள்ள லேப் தேவையில்ல, குசினி போதும். கறியில மஞ்சள் போட்டா நிறம் தண்ணிய விட மேல மிதக்கிற எண்ணெயிலதான் கூடப் பிடிக்கும், ஏனெண்டா அதில இருக்கிற குர்குமின் எண்ணெயோட சேருற சாமான். இப்ப ரெண்டு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் எடுத்து ஒண்டில தண்ணி, மற்றதில பார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு, ரெண்டிலயும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, லைட்ட நூத்திட்டு அந்த நோட்டுப் பாக்கிற ஊதா லைட்டப் பிடிங்க. தண்ணிக் கிளாஸ் கலங்கலா மங்கித்தான் இருக்கும். ஸ்பிரிட் கிளாஸ் பச்சை கலந்த மஞ்சளா எழும்பி மினுங்கும். சாயம் அதேதான், லைட்டும் அதேதான், சுத்தி இருக்கிற திரவம்தான் மாறினது.

மென்சவ்வுப் புரோப் செய்ற ஆக்கள் பாவிக்கிறதும் இந்தக் குணத்தத்தான், ஆனா கட்டுப்பாடா. தண்ணிக்குள்ள இருக்கேக்க இருட்டாவும், கொழுப்புக்குள்ள போனா வெளிச்சமாவும் இருக்கிற மாதிரி மூலக்கூறக் கட்டினா, கழுவாமலே மென்சவ்வு மட்டும் தெரியும்.

## என்னென்ன வகை இருக்கு

பேர்கள் கனக்க இருக்கு, ஆனா ஒவ்வொண்டும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது எண்டு பாத்தா வகை பிரிக்கிறது லேசு.

1. "மென்சவ்வு எங்க?" டை-ஐ, டை-ஓ, டை-டி எண்ட குடும்பம். டை-ஐக்கு 18 காபன் நீளமான ரெண்டு வால், அதால கொழுப்புக்குள்ள போனா லேசில வெளிய வராது. 549 நனோமீற்றர் அளவில வாங்கி 565 அளவில விடும். டை-ஓ பச்சை, டை-டி கடும் சிவப்பு. ஒரு நரம்புக்கலத்தில ஒரு இடத்தில தொட்டு வச்சா மென்சவ்வு வழியா ஊர்ந்து ஊர்ந்து முழு நரம்பையும் காட்டும், இரசாயனத்தில பதப்படுத்தின மூளைத் துண்டில கூட இது வேலை செய்யும், ஆனா கிழமைக்கணக்கா, சிலவேளை மாதக்கணக்காப் பொறுத்திருக்க வேணும்.

2. "எது உள்ளுக்குப் போச்சு, எது வெளிய வந்திச்சு?" எஃப்எம் 1-43. வால் கட்டை, தலையில ரெண்டு நேர் ஏற்றம். வால் கட்டையா இருக்கிறதால கழுவினா கழண்டு வந்திடும், ஏற்றம் இருக்கிறதால மென்சவ்வக் கடந்து அந்தப் பக்கம் போக ஏலாது. இந்த ரெண்டு குணத்தையும் சேத்து வச்சு 1992ல பெட்ஸ், பெவிக் எண்ட ரெண்டு பேர் ஒரு அருமையான பரிசோதனை செய்தாங்க. தவளையின்ட நரம்பும் தசையும் சேருற இடத்த இந்தச் சாயத்தில போட்டு நரம்பத் தூண்டினாங்க. நரம்பு முனை தன்ட குட்டிப் பைகள வெளியால திறந்து திருப்பி உள்ளுக்கு இழுக்கேக்க சாயமும் உள்ளுக்குப் போச்சு. பிறகு கழுவினா வெளியில இருந்த சாயம் போயிடும், பைக்குள்ள மாட்டினது மட்டும் புள்ளி புள்ளியா மினுங்கும். திரும்பத் தூண்டினா பை திறந்து அந்தப் புள்ளி மங்கும். நரம்பு முனை பைகளத் திருப்பித் திருப்பிப் பாவிக்கிறத உயிரோட இருக்கிற நரம்பிலயே, நடக்க நடக்கப் பாக்கக் கிடைச்சது இதாலதான். ஒரு சாயம் பிடிக்கிறத விட விடுறதாலயும் பிரயோசனமா இருக்கலாம் எண்டதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

3. "மென்சவ்வு இறுக்கமா, இளக்கமா?" கொழும்பில தேங்காயெண்ணெய் போத்தல் எப்பவும் தண்ணி மாதிரி இருக்கும், அதே போத்தல நுவரெலியாக்குக் கொண்டு போனா விடியேக்க வெள்ளைக் கட்டியா நிக்கும், 24, 25 பாகையில அது உறையிறதாலதான். மென்சவ்வில இருக்கிற கொழுப்புக்கும் இப்பிடி இறுகின நிலை, இளகின நிலை ரெண்டும் இருக்கு. இறுகினா வால்கள் நெருங்கி நிக்கும், இடையில தண்ணி மூலக்கூறு போக இடம் இல்ல. இளகினா தண்ணி கொஞ்சம் உள்ளுக்குக் கசியும்.

லோர்டான் எண்ட சாயம் இந்தத் தண்ணியத்தான் உணருது. சக்தி வாங்கின லோர்டானச் சுத்தித் தண்ணி இருந்தா, அந்தத் தண்ணி மூலக்கூறுகள் திரும்பி நிக்கிறதில கொஞ்சச் சக்தி செலவாகி, வாற ஒளி நீண்ட அலைநீளத்துக்குப் போயிடும். இறுகின கொழுப்பில 440 நனோமீற்றர், இளகின கொழுப்பில 490 அளவு. ரெண்டு பில்டரால ரெண்டையும் அளந்து, வித்தியாசத்தக் கூட்டுத்தொகையால பிரிச்சா வாற எண்ணுக்கு ஜீபி எண்டு பேர். 440 இல 600, 490 இல 400 வந்தா 200 ஐ 1000 ஆல பிரிச்சு 0.2. கழித்தல் ஒண்டுக்கும் கூட்டல் ஒண்டுக்கும் இடையிலதான் இது எப்பவும் வரும், கூடினா இறுக்கம். இதின்ட பெரிய லாபம், ஓரிடத்தில சாயம் கூடக்குறைய இருந்தாலும் விகிதம் மாறாது எண்டது. ஒளிர்வு ஆராய்ச்சியாளர் கிரெகோரியோ வெபர்ட லேப்பில பிறந்த சாயம் இது, இண்டைக்கும் பாவிக்கிறாங்க.

4. "மென்சவ்வு இழுபட்டிருக்கா?" 2018ல ஜெனீவாவில இருந்து வெளிவந்த பிளிப்பர்-ரீஆர். அந்த மூலக்கூறுக்கு ரெண்டு செட்டை, ஒரு அச்சில முறுகி நிக்கும். சுத்தி இருக்கிற கொழுப்பு நெருக்கினா தட்டையாகும். இதில நிறத்தையோ வெளிச்சத்தையோ அளக்கிறதில்ல, ஒளி வெளிய வர எடுக்கிற நேரத்த அளப்பாங்க.

5. "மின்னழுத்தம் எவ்வளவு?" ஓய்வில இருக்கிற நரம்புக்கலத்தின்ட மென்சவ்வுக்கு உள்ளயும் வெளியயும் 70 மில்லிவோல்ற்று அளவு வித்தியாசம் இருக்கும். சின்ன எண் மாதிரித் தெரியுது, ஆனா அது விழுறது 4 நனோமீற்றருக்குள்ள, கணக்குப் பாத்தா ஒரு மீற்றருக்கு 1 கோடி 75 லட்சம் வோல்ற்று. காத்துக்குள்ள தீப்பொறி பறக்க மீற்றருக்கு 30 லட்சம் போதும். இவ்வளவு பலமான புலத்துக்குள்ள மாட்டின சாயத்தின்ட நிறம் கொஞ்சம் அசையாம இருக்க ஏலாது. டை-4-ஏஎன்ஈபிபிஎஸ் மாதிரிச் சாயங்கள் அந்த அசைவத்தான் காட்டுது, இதயத் துடிப்பு இதயத்துக்கு மேலால அலையா ஓடுறதப் படமாக்கிறது இதால.

6. "குறிப்பிட்ட ஒரு சாமான் இருக்கா?" பிலிப்பின் எண்டது ஒரு பக்ரீரியாவில இருந்து வாறது, தானாவே ஒளிரும், கொலஸ்திரோலோட போய்ச் சேரும். அனெக்சின் 5 எண்ட புரதத்த ஒரு சாயத்தோட கட்டி விட்டா, சாகத் தொடங்கின கலத்தக் காட்டும். உயிரோட இருக்கிற கலம் பொசுபத்திடைல்செரீன் எண்ட கொழுப்ப உள் அடுக்கில மறைச்சு வச்சிருக்கும், சாகத் தொடங்கேக்க அது வெளி அடுக்குக்கு வந்திடும், அனெக்சின் 5 கல்சியம் இருந்தா அதில ஒட்டும். ஜெலிமீன்ல இருந்து வந்த ஜீஎஃப்பி எண்ட ஒளிரும் புரதம் வேற வழி, கலத்தின்ட ஜீனுக்குள்ளயே எழுதி விட்டா கலமே அத உண்டாக்கும். இதுக்குத்தான் ஷிமோமுரா, சல்பி, சியென் மூண்டு பேருக்கும் 2008 நோபல் பரிசு.

## இதால என்ன தெரிய வந்திச்சு

மென்சவ்வு அசையாத ஒரு சுவர் எண்ட எண்ணம் உடைஞ்சதே ஒளிர்வாலதான். 1970ல பிரை, எடிடின் எண்ட ரெண்டு பேர் மனுஷக் கலத்தையும் சுண்டெலிக் கலத்தையும் ஒரு வைரஸின்ட உதவியோட ஒண்டா ஒட்டினாங்க. மனுஷப் புரதங்களுக்கு ஒரு நிறம், எலிப் புரதங்களுக்கு மற்ற நிறம், குறிப்பிட்ட புரதத்தில மட்டும் ஒட்டுற ஒளிரும் அன்ரிபொடி மூலமா. ஒட்டின உடன பாதிப் பக்கம் பச்சை, பாதிப் பக்கம் சிவப்பு. 37 பாகையில 40 நிமிஷம் விட்டா ரெண்டு நிறமும் முழுக் கலத்திலயும் கலந்து போச்சு, குளிர்ல வச்சா கலக்கேல்ல. புரதங்கள் கொழுப்புக்குள்ள மிதந்து திரியுது எண்டதுக்கு இது நேரடிச் சாட்சி. ரெண்டு வருஷத்தில, 1972ல, சிங்கரும் நிக்கல்சனும் இப்ப எங்கட புத்தகங்கள்ல இருக்கிற, கொழுப்புக்குள்ள புரதங்கள் மிதக்கிற அந்த மாதிரியுருவ வெளியிட்டாங்க.

பிறகு வேகத்தையும் அளந்தாங்க. ஒரு சின்ன வட்டத்துக்கு லேசர அடிச்சு அங்க இருக்கிற சாயத்த எரிச்சு விடுறது, சுத்தி இருக்கிற எரியாத சாயம் உள்ளுக்கு நீந்தி வந்து வட்டம் திருப்பி மினுங்க எவ்வளவு நேரம் எண்டு பாக்கிறது. 1976ல வந்த இந்த முறைய இப்பவும் செய்றாங்க. கொழுப்பு மூலக்கூறு ஒண்டு கலத்தின்ட ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள போயிடும்.

எங்களுக்குக் கிட்டவான உதாரணம் டெங்கு. மழை விட்டா கொழும்பில வீட்டுக்கு வீடு பூச்சாடித் தட்டக் கவிழ்க்கச் சொல்லி வருவாங்க, அந்த வைரஸ் கலத்துக்குள்ள எப்பிடிப் புகுது எண்டு பாத்ததும் ஒரு மென்சவ்வுச் சாயத்தாலதான். டெங்கு வைரஸச் சுத்தியும் கலத்தில இருந்து எடுத்த கொழுப்பு மென்சவ்வு இருக்கு. 2008ல வெளிவந்த ஒரு வேலையில, வைரஸின்ட அந்த மென்சவ்வுக்குள்ள டை-டிய நெருக்கி அடைச்சு விட்டாங்க. சாயங்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருந்தா ஒண்டின்ட ஒளிய ஒண்டு அமத்தும், அதால வைரஸ் ஒரு மங்கல் புள்ளி. அது கலத்தின்ட மேற்பரப்பில அலைஞ்சு, ஒரு குழிக்குள்ள விழுந்து, பையாகி உள்ளுக்குப் போய், பைக்குள்ள அமிலத்தன்மை கூடினாப் பிறகு வைரஸ் மென்சவ்வும் பை மென்சவ்வும் ஒண்டாகுது. அந்தக் கணத்தில நெருங்கி இருந்த சாயம் பரந்து போகும், புள்ளி திடீரெண்டு பளிச்செண்டு எரியும். வைரஸ் கதவத் திறந்த இடமும் நேரமும் அந்த ஒரு வெளிச்சத்தில பதிஞ்சிடுது. பெரும்பாலும் அது நடக்கிறது உள்ளுக்குக் கொஞ்சம் தூரம் போன பிந்தின பைகள்ல எண்டு கண்டுபிடிச்சாங்க.

## எங்க பிழை வருது

இந்தப் பகுதிதான் செய்திகள்ல வாறதே இல்ல, ஆனா இதுதான் முக்கியம்.

1. சாயம் மென்சவ்வில நிக்காது. உயிருள்ள கலம் தன்ட மென்சவ்வக் கிள்ளிக் கிள்ளி உள்ளுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 37 பாகையில சில சாயங்கள் பத்து, இருவது நிமிஷத்திலயே உள்ளுக்குப் புள்ளி புள்ளியா சேர்ந்திடும். சாயம் போட்டு எவ்வளவு நேரத்தில படம் எடுத்தது எண்டு தெரியாம, உள்ளுக்குப் புள்ளி தெரியுது, ஆகவே "மருந்து கலத்துக்குள்ள போயிட்டுது" எண்டு சொல்ல ஏலாது.

2. சாயம் தானே உருண்டை ஆகும். கொழுப்பு விரும்புற சாயத்தத் தண்ணிக்குள்ள கூட விட்டா அது தனக்குள்ள கூடிக் குட்டி உருண்டை ஆகிடும். எக்சோசோம் எண்டு கலங்கள் வெளிய விடுற நுண்பைகளுக்கு பீகேஎச் வகைச் சாயம் போடேக்க இது பெரிய தலையிடி, ஏனெண்டா சாய உருண்டையும் எக்சோசோமும் ஒரே அளவு. எக்சோசோம் இல்லாத வெறும் சாயத்தக் கலங்களுக்கு விட்டாலும் அதே மாதிரிப் படம் வரலாம். செத்த கலத்தில இருந்து கழண்ட சாயம் பக்கத்துக் கலத்தில ஏறினாலும் இதே குழப்பம்தான். ஸ்டெம்செல்ல சாயம் போட்டு உடம்புக்குள்ள விட்டு "கலம் அந்த உறுப்பில போய் வளந்திட்டுது" எண்டு சொல்லுற வேலைகள இதாலதான் சந்தேகத்தோட பாக்க வேணும்.

3. தலை திரும்பி நிக்கும். என்பிடி எண்ட ஒளிரும் துண்ட கொழுப்பு வாலின்ட நுனியில கட்டினா, அது மென்சவ்வின்ட நடுவில இருக்கும் எண்டுதான் ஆரும் நினைப்பம். அந்தத் துண்டு தண்ணிப்பக்கத்த விரும்புறதால வால வளைச்சுக்கொண்டு மேற்பரப்புக்கு வந்திடும். நடுவில இருந்து வாற தகவல் எண்டு நினைச்சது உண்மையில கரையில இருந்து வந்தது.

4. பாக்கிறதே கெடுக்கும். ஒளி அடிக்க அடிக்கச் சாயம் எரியும், எரியேக்க கொழுப்ப ஒட்சியேற்றுற சாமான்களும் உண்டாகும், மென்சவ்வு சேதமாகும். பிலிப்பின் இன்னும் மோசம், கொலஸ்திரோலப் பிடிக்கிற வேகத்தில மென்சவ்வையே குலைச்சிடும், அதாலதான் பெரும்பாலும் பதப்படுத்தின கலத்தில மட்டும் பாவிக்கிறாங்க.

5. நிறம் பிறகு பூசினது. நல்ல ஆய்வுக் கமராக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலதான் எடுக்கும். ஒவ்வொரு பில்டருக்கும் ஒவ்வொரு படம், பிறகு ஒண்டுக்குப் பச்சை, ஒண்டுக்குச் சிவப்பு எண்டு பூசி ஒண்டா அடுக்குவாங்க. இது ஏமாத்து வேலை இல்ல, எல்லாரும் அறிஞ்ச வழக்கம். ஆனா ஒரு சாயத்தின்ட ஒளி மற்றச் சாயத்தின்ட பில்டருக்குள்ள கசிஞ்சா, ரெண்டு சாமானும் ஒரே இடத்தில இருக்கிற மாதிரி மஞ்சளாத் தெரியும்.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம் எண்டு நினைக்க வேண்டாம், பெரிய சண்டையே நடந்திருக்கு. 1997ல சிமொன்ஸ், இக்கோனன் ரெண்டு பேரும் மென்சவ்வுக்குள்ள கொலஸ்திரோல் கூடின குட்டித் தெப்பங்கள் மிதக்குது எண்டு எழுதினாங்க. சாதாரண நுணுக்குக்காட்டியால காண ஏலாத அளவு சின்னன். அதால வருஷக்கணக்கா இருக்கு இல்ல எண்டு வாக்குவாதம். 2014 நோபல் பரிசு வாங்கின ஸ்ரெபான் ஹெல்லின்ட குழு, அபேயின்ட எல்லையத் தாண்டின நுணுக்குக்காட்டியால 2009ல பாத்தப்ப, சில கொழுப்பு மூலக்கூறுகள் 20 நனோமீற்றருக்கும் குறைஞ்ச இடத்தில 10, 20 மில்லிசெக்கன் அளவு மாட்டி நிண்டிட்டுப் போறது தெரிஞ்சுது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளுக்கும் ஒரு சாயத்தக் கட்டித்தான் பாத்தாங்க. கொழுப்பு மூலக்கூறும் சின்னன், சாயமும் ஏறக்குறைய அதே அளவு. கட்டின சாயமே அதின்ட நடத்தைய மாத்துமா எண்ட கேள்விய இந்தத் துறையில எந்த முடிவுக்கும் கேக்க வேண்டித்தான் இருக்கு.

## ஆஸ்பத்திரியில

இது ஆராய்ச்சிக்கு மட்டும் எண்டு இல்ல. பரம்பரையா வாற ஸ்பெரோசைற்றோசிஸ் எண்ட நோயில சிவப்பு இரத்தக்கலம் தட்டு மாதிரி இல்லாம உருண்டையா இருக்கும், மண்ணீரல்ல கெதியா உடையும், பிள்ளைக்கு மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் வரும். அதுக்கு ஈஎம்ஏ எண்ட ஒளிரும் சாயத்த இரத்தத்தோட கலந்து, கலங்கள ஒண்டொண்டா லேசர் முன்னால ஓட விட்டு வெளிச்சத்த அளக்கிற ஒரு டெஸ்ட் இருக்கு. அந்தச் சாயம் ஒட்டுறது பெரும்பாலும் மென்சவ்வில இருக்கிற பாண்ட் 3 எண்ட புரதத்தில. நோய் இருந்தா அந்தப் புரதம் குறைவு, அதால வெளிச்சமும் குறைவு. சில துளி இரத்தம் போதும்.

## அடுத்த முறை இப்பிடிப் படம் வந்தா

கீழ இருக்கிற விளக்கத்தில நாலு விஷயத்தத் தேடுங்க.

1. சாயத்தின்ட பேர். பேர் இருந்தா அது இடத்தக் காட்டுறதா, இறுக்கத்தக் காட்டுறதா, குறிப்பிட்ட ஒரு சாமானக் காட்டுறதா எண்டு மேல இருக்கிற வகையோட ஒப்பிடலாம். "விசேட சாயம்" எண்டு மட்டும் இருந்தா செய்தி எழுதின ஆளுக்கே தெரியாது.
2. கலம் உயிரோட இருந்ததா, பதப்படுத்தினதா. பதப்படுத்தின கலத்தில "அசையுது", "உள்ளுக்குப் போகுது" எண்ட சொல்லுக்கு நேரடி ஆதாரம் இல்ல.
3. படத்தின்ட மூலையில ஒரு வெள்ளைக் கோடும் பக்கத்தில 10 மைக்ரோமீற்றர் மாதிரி ஒரு எண்ணும். அது இல்லாட்டி நீங்க பாக்கிறது ஒரு கலமா, கலத்துக்குள்ள ஒரு பையா எண்டே சொல்ல ஏலாது.
4. ஒப்பீட்டுப் படம். சாயம் போடாத கலம் ஒண்டு, சாயம் மட்டும் போட்டு மருந்தோ வைரஸோ போடாத கலம் ஒண்டு. சாயம் போடாத கலம் பொதுவா பக்கத்திலயே ஒரு கறுப்புச் சதுரமா இருக்கும், ஒண்டும் தெரியாதெண்டு செய்தியில அத வெட்டி விட்டுடுவாங்க. ஆய்வுக் கட்டுரையத் திறந்தா அந்தக் கறுப்புச் சதுரத்த முதல்ல பாருங்க.